ஸ்பிதி போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

இமாச்சலப் பிரதேசத்தின் வடகிழக்கு மூலையில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கும் பள்ளத்தாக்கு ஸ்பிதி. போக நினைக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்து எழுதியிருக்கிறேன். பல கேள்விகளுக்கு என் பதில் ஒன்றுதான்: மெதுவாகப் போங்கள், குறைவான ஊர்களுக்குப் போங்கள், போகிற ஊரில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். ஏன் இதையே சொல்கிறேன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

மரம் இல்லாத மலைகள். மழை மேகங்களைத் தெற்கே இருக்கும் மலைத்தொடர்களே பிடித்துக்கொள்வதால் ஸ்பிதிக்கு மழை வந்து சேர்வதே அபூர்வம். அதனால் மண்ணும் பாறையும் பழுப்பு, ஊதா, சாம்பல் என்று பட்டை பட்டையாக அப்படியே தெரிகின்றன. நடுவில் ஸ்பிதி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது, அதன் கரையிலும் மேலே சரிவுகளிலும் சின்னச் சின்ன ஊர்கள், ஊரைச் சுற்றி மட்டும் பச்சை. மொத்தப் பள்ளத்தாக்கிலும் சுமார் 12,000 பேர்தான் வாழ்கிறார்கள். காசாதான் தலைமை ஊர், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு மேலே போகிறோம் என்பது பிடிபடும்.

அந்த மலைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு விளைச்சல், ஆறு மாதக் குளிர், பனி உருகும் தண்ணீரை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது, இந்த நிலைமையில் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு சமூகம் ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருக்கிறதே, எனக்கு அதுதான் பெரிய அதிசயம். அது வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாது.

சிம்லா வழியா, மணாலி வழியா?

முதல் தடவை என்றால் சிம்லா வழி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

மணாலியிலிருந்து காசா சுமார் 200 கி.மீ.தான், சிம்லாவிலிருந்து 400 கி.மீ.க்கு மேல். வரைபடத்தைப் பார்த்ததும் எல்லோரும் மணாலியைத்தான் பிடிக்கிறார்கள். 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயில் ஏறாமலே மறுபக்கத்து லாஹோல் பள்ளத்தாக்குக்குள் போய்விடலாம் என்பதால் இன்னும் எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் மணாலி 2,050 மீட்டர். காலையில் அங்கே கிளம்பி, கிராம்பூவிலிருந்து பாதல் வரை சாலை என்றே சொல்ல முடியாத கற்பாதையில் குலுங்கி, 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்டி, சாயந்திரம் காசாவில் இறங்கும்போது உடம்பு ஒரே நாளில் 1,600 மீட்டர் மேலே வந்திருக்கும். பலருக்கு அன்று ராத்திரியே தலைவலி ஆரம்பிக்கும். அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைக்கும். கீழே இறங்க வேண்டும் என்றால் மணாலிப் பக்கம் திரும்ப அதே கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும், சிம்லா வழியில் இருக்கும் கின்னோர் பக்கம் என்றால் நன்றாகத் தாழ்வான இடத்துக்குப் போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகும்.

சிம்லா வழியில் இந்தச் சிக்கல் இல்லை. சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ அல்லது அதற்கு மேலே கல்பா, நாகோ, தாபோ, காசா என்று படிப்படியாக ஏறுகிறோம். கின்னோரின் ஆப்பிள் தோட்டங்களும் சட்லெஜ் ஆற்றின் செங்குத்தான பள்ளமும் முடிந்து, காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலப்பதைப் பார்த்து, அங்கிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும்போது பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவது கண்ணுக்கு முன்னால் நடக்கும். திரும்பும்போது மணாலி வழியாக இறங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், குன்சும் கணவாயை நிதானமாக ரசிக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது? கார் வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. டெல்லிக்கோ சண்டிகருக்கோ ரயிலிலோ விமானத்திலோ போய்விடுங்கள். டெல்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து சிம்லாவுக்கு ராத்திரி வண்டிகள் நிறைய. சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ, அங்கிருந்து அதிகாலையில் காசாவுக்கு இமாச்சல் அரசுப் பேருந்து. முந்தின நாளே பேருந்து நிலையத்தில் போய் நேரம் கேட்டுவிடுங்கள், சீட்டு வாங்கும் வழக்கமும் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தப் பேருந்தை வசதிக்குறைவான மாற்று ஏற்பாடாக நினைக்காதீர்கள். சந்தைக்குப் போய்விட்டு மூட்டையோடு திரும்பும் பெண்கள், விடுமுறைக்கு ஊர் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், செங்காவி உடையில் லாமாக்கள், சாலை வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளிகள் என்று பள்ளத்தாக்கின் பாதி ஜனத்தை அதிலேயே பார்த்துவிடலாம். ஓட்டுநர் நடுவழியில் வண்டியை நிறுத்தி ஒரு வீட்டுக்கு மருந்துப் பொட்டலம் கொடுப்பார், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

காசாவுக்குப் போன பிறகு மேலே இருக்கும் ஊர்களுக்குப் பேருந்து குறைவு, சில ஊர்களுக்கு இல்லவே இல்லை. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து டாக்ஸி பிடிப்பதுதான் வழி. காசா கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து விசாரித்தால் கூட்டு சேர ஆள் கிடைக்கும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். பனி உருகி வரும் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே பாய்கிற இடங்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏற உருகல் கூடும், காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் மதியம் முழங்காலைத் தொடும்.

எந்த மாதம் நல்லது?

ஜூன், அல்லது செப்டம்பர். குன்சும் கணவாய் வழக்கமாக ஜூன் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடுகிறது, ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும். செப்டம்பரில் பார்லி முற்றி வயல்கள் மஞ்சளாகும், வானம் துடைத்தது போல் இருக்கும், கூட்டமும் குறையும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதிக்குள் மழை குறைவுதான், ஆனால் அங்கே போய்ச் சேரும் இரண்டு வழிகளும் பருவமழை பெய்யும் பகுதிகள் வழியாகத்தான் போகின்றன. கின்னோரில் நிலச்சரிவு, மணாலிப் பக்கம் வெள்ளம். 2023 ஜூலையில் திடீரென்று பனி கொட்டி சந்திரதால் ஏரிப் பக்கம் கிட்டத்தட்ட 300 பயணிகள் பல நாள் மாட்டிக்கொண்டார்கள், மீட்புக் குழுக்கள் பனியை வெட்டிப் பாதை போட்டுத்தான் அவர்களை இறக்கினார்கள். நடுக்கோடையில் இப்படியா என்று கேட்காதீர்கள், அந்த உயரத்தில் அது நடக்கும்.

குளிர்காலத்திலும் சிம்லா வழி பெரும்பாலும் திறந்திருக்கும். ஆனால் வெப்பநிலை மைனஸ் 20, 25 வரை இறங்கும், குழாய்கள் உறைந்துவிடும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

மூச்சு முட்டுமா? மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

முதல் நாள் மாடிப்படி ஏறினாலே இளைக்கும், அது சாதாரணம். லேசான தலைவலி, தூக்கம் பிடிக்காமை, பசியின்மை ஆகியவையும் வரலாம். அப்படியிருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மது தொடாதீர்கள். வாந்தி நிற்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது வேறு கதை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம், உயிருக்கே ஆபத்து. ராத்திரியானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆக்சிஜன் கிடைக்கும், ஆனால் ஆக்சிஜன் இறங்குவதற்கு மாற்று அல்ல.

மலையேற்ற மருத்துவர்கள் சொல்லும் பொது விதி, 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை ஏறாமல் ஒரு நாள் இருக்க வேண்டும் என்பது. சிம்லா வழியும் இந்த விதிக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் கல்பா, தாபோ என்று இரண்டிடத்திலும் இரண்டிரண்டு ராத்திரி தங்கினால் ஏறக்குறைய பொருந்திவிடும். டையமாக்ஸ் மாத்திரை உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைத் தொடவே கூடாது, மற்றவர்களும் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவு தெரிந்துகொள்ளுங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும் ஆசையை டாக்டர் சரி என்று சொன்ன பிறகே வளர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் ஸ்பிதி என்று விற்கும் பேக்கேஜ்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. உடம்பை வைத்து நடத்தும் சூதாட்டம் அது.

அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்கு வேண்டாம், அடையாள அட்டை மட்டும் கையில் இருக்கட்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வரும் நம்மவர்களுக்கு, ரெக்காங் பியோவுக்கும் காசாவுக்கும் நடுவே எல்லையோரப் பகுதியில் போக அனுமதி தேவை. சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். மணாலி வழியாக வருகிறவர்கள் காசாவிலும் வாங்கலாம்.

ஹோட்டலா, வீடா?

வீடு. காசாவில் ஹோட்டல்கள் இருக்கின்றன, லாங்சா, டெமுல், முத், கிப்பர், டங்கர் போன்ற ஊர்களில் வீட்டிலேயே அறை கொடுக்கிறார்கள், சாப்பாடும் சேர்த்து. வாடகை சீசனுக்குத் தகுந்தபடி மாறும், போனதும் முகத்துக்கு நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.

வீடுகள் மண் செங்கல்லில் கட்டி வெள்ளையடித்தவை. தட்டையான கூரை, அதன் ஓரத்தில் குளிர்காலத்துக்காகச் சுள்ளியும் காய்ந்த புல்லும் அடுக்கிவைத்திருப்பார்கள். உள்ளே ஒரு பெரிய அறை, நடுவில் இரும்பு அடுப்பு, அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். அந்த அறைதான் சமையல், சாப்பாடு, பேச்சு, குளிர்காலத்தில் தூக்கம் எல்லாம். எரிபொருள் காய்ந்த சாணமும் கொஞ்சம் விறகும். சுவரோரம் கம்பளம் விரித்து, முன்னால் குட்டையான மேஜை. உங்களை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் மரியாதை செய்கிறார்கள் என்று பொருள். அடுப்பையோ சாப்பாட்டையோ தாண்டிக் கால் வைக்காதீர்கள், காலை நீட்டி யாரையும் பார்த்து உட்காராதீர்கள். இதெல்லாம் நம் வீட்டு வழக்கமும்தானே.

கழிப்பறை பற்றி எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பழைய முறைக் கழிப்பறை மாடியில் இருக்கும் ஒரு சின்ன அறை, தரையில் செவ்வகமாக ஒரு துளை, மூலையில் மண்ணோ சாம்பலோ குவியலாக, பக்கத்தில் ஒரு மண்வாரி. வேலை முடிந்ததும் இரண்டு வாரி மண்ணைத் துளைக்குள் தள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. காற்று அவ்வளவு வறண்டது, நாற்றமே இருக்காது. கீழ் அறையில் சேர்ந்து மட்கியதை வசந்தத்தில் விதைப்புக்கு முன் வயலுக்குக் கொண்டுபோவார்கள். பார்லிக்கும் பட்டாணிக்கும் அதுதான் உரம், ஆடுமாடு குறைவான ஊரில் அது இல்லாமல் நிலம் விளையாது. தண்ணீர் ஊற்றினாலும், பிளாஸ்டிக், ஈரக் காகிதம், நாப்கின் போட்டாலும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உரம் கெட்டுவிடும். நமக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது என்றால் ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப்போய்க் கழுவும் வேலையை வெளியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே என்று வீட்டுக்காரரிடமே கேட்கலாம். பயணிகளுக்காக இப்போது பல வீடுகளில் தண்ணீர்க் கழிப்பறை கட்டுகிறார்கள். குளிரில் உறைந்துவிடும் அந்தக் குழாய்களையும், அதற்காக இழுத்துவரும் தண்ணீரையும் நினைத்தால் பழைய முறையே மேல் என்று எனக்குத் தோன்றும்.

பல வீடுகளில் பெரிய வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு இருப்பதைப் பார்ப்பீர்கள். நிலமும் வீடும் மூத்த மகனுக்கு. அவனுக்குக் குடும்பம் ஆனதும் பெற்றோர் சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்வார்கள், இளைய மகன்கள் பௌத்த மடத்துக்குப் போவார்கள். ஸ்பிதியின் பழைய ஏற்பாடு இது. கொஞ்சமே இருக்கும் நிலம் துண்டுபடாமல் காக்கத்தான். இப்போது இளையவர்கள் படித்து வேலைக்குப் போகிறார்கள். நீங்கள் தங்கும் வீட்டை நடத்துகிறவரே சண்டிகரில் படித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனாக இருக்கலாம்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

தாராளமாக. பருப்பு, சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு எல்லா இடத்திலும் உண்டு. கோடையில் வீட்டுத் தோட்டத்துக் கீரை, முள்ளங்கி, அப்புறம் பட்டாணி. ஸ்பிதிப் பட்டாணி பணப்பயிர், லாரி லாரியாகக் கீழே போகிறது, செடியிலிருந்து பறித்து அப்படியே சாப்பிட்டால் சர்க்கரை மாதிரி. துக்பா என்கிற நூடுல்ஸ் சூப், மோமோ, ஆவியில் வேகவைத்த திங்மோ ரொட்டி. காலையில் வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து சாப்பிடும் சம்பா, நம் சத்துமாவு சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு உடனே பிடித்துவிடும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடிக்காமல் ரசம் என்று நினைத்துக் குடியுங்கள். கோப்பையைக் காலியாக வைத்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்திருந்துவிட்டுக் கிளம்பும்போது குடித்து முடியுங்கள்.

சோறு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், தருவார்கள். ஆனால் அரிசி அங்கே விளைவதில்லை, ஒவ்வொரு மூட்டையும் நீங்கள் குலுங்கி வந்த அதே பாதையில்தான் வந்தது.

இந்தி தெரியாதே?

உடைந்த இந்தி போதும். அவர்களுக்கும் இந்தி பள்ளிக்கூடத்தில் கற்ற மொழிதான், வீட்டில் பேசுவது போட்டி (Bhoti) என்ற மொழி, திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் இரவல் மொழியில் பேசும்போது இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. இளையவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். வழியில் எதிர்ப்படும் யாருக்கும் "ஜூலே" சொல்லுங்கள், வணக்கத்துக்கும் நன்றிக்கும் அதுவே.

தமிழ்நாடு என்றால் கடல் எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்கள். போனில் கடற்கரைப் படங்கள், உங்கள் ஊர் வயல், கோயில் படங்கள் வைத்துக்கொண்டு போங்கள். நெல் நடவுப் படம் ஒன்றைக் காட்டினால் அடுப்பைச் சுற்றி ஒரு மணி நேரப் பேச்சு ஓடும், எத்தனை போகம், தண்ணீர் எங்கிருந்து, கூலி எவ்வளவு என்று விவசாயிகள் கேட்கும் கேள்விகளாகக் கேட்பார்கள்.

எந்த மடங்களைப் பார்க்க வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் தாபோ. 996-இல் கட்டியது, அன்றிலிருந்து வழிபாடு நின்றதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மண் பூசிய தாழ்வான கட்டடங்கள், ஒன்றுமே இல்லை போலிருக்கும். உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை இருட்டுக்குப் பழக விடுங்கள். முதலில் நடுவில் நான்கு திசையும் பார்த்து அமர்ந்திருக்கும் வைரோசன புத்தர் தெரிவார். அப்புறம் சுற்றுச் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், சுவரிலிருந்து வெளியே மிதந்து வருவது போல் சுதையுருவங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அவற்றுக்குக் கீழும் மேலும் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள், காஷ்மீரக் கலைஞர்களின் கைவண்ணம் அவற்றில் தெரிகிறது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லதுதான். 1975 ஜனவரியில் வந்த கின்னோர் நிலநடுக்கத்தில் இந்தக் கட்டடம் சேதப்பட்டது, ஆனாலும் நின்றது.

கீ மடம் 4,166 மீட்டரில் ஒரு குன்றின் மேல் வீடுவீடாக அடுக்கிய மாதிரி இருக்கும், எல்லோரும் படமெடுப்பது அதைத்தான். பத்து மணிக்கு டாக்ஸிகளோடு போகாமல், அங்கேயே தங்கி விடியற்காலைப் பூசையில் உட்காருங்கள். டங்கர் மடம் அரித்துப்போன செங்குத்துப் பாறை மேல் நிற்கிறது, நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டிருக்கிறது, சொல்லும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். பின் (Pin) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கும் குங்ரி மடம் திபெத்திய பௌத்தத்தில் வேறு பிரிவைச் சேர்ந்தது, நிங்மா.

மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணி கற்சுவர், ஸ்தூபி, மடம் எதையும் வலமாகச் சுற்றுங்கள், நம் கோயில் பிரதட்சிணம் போலவே. தொப்பி, செருப்பு கழற்ற வேண்டும். பூசைக்கு நடுவே எழுந்து நடமாடாதீர்கள்.

கியூ ஊரில் உட்கார்ந்த நிலையில் இருக்கும் சுமார் 500 ஆண்டுப் பழைய துறவியின் உடலும் 1975 நிலநடுக்கத்தில்தான் வெளிப்பட்டது. ஊரார் அவரைத் தெய்வமாக வணங்குகிறார்கள், கண்ணாடிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

லாங்சாவில் கடல் சங்குக் கற்கள் கிடைக்கிறதாமே, எடுத்து வரலாமா?

வேண்டாம். லாங்சா 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே மண்ணில் கிடப்பது கடல் உயிர்கள். இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதி இமயம் எழும்புவதற்கு முன், அங்கே டெதிஸ் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. நம் அரியலூர்ப் பகுதியிலும் அம்மோனைட் புதைபடிவங்கள் உண்டு, வேறொரு காலத்தவை, அங்கேயும் பொறுக்கிப் பொறுக்கியே நிறையத் தொலைத்துவிட்டோம். லாங்சாவில் பிள்ளைகள் கையில் வைத்து விற்க வருவார்கள். நாம் வாங்க வாங்கத் தோண்டுவார்கள். கையில் வாங்கிப் பாருங்கள், சுருளின் வரிகளைத் தடவிப் பாருங்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையோடு பத்து நிமிஷம் பேசுங்கள், 6,303 மீட்டர் உயர சாவ் சாவ் காங் நில்டா சிகரத்தைக் காட்டித் தங்கள் மலைக் கதைகளைச் சொல்லும்.

பக்கத்தில் ஹிக்கிமில் 4,440 மீட்டரில் ஒரு தபால் நிலையம், 1983 முதல் இயங்குகிறது. வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்கள், நமக்கு முன்னாலேயோ பின்னாலேயோ ஊர் வந்து சேரும்.

பனிச்சிறுத்தை பார்க்க முடியுமா?

கோடையில் வாய்ப்பு மிகக் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் கிப்பர், சிச்சம் பக்கம் ஐபெக்ஸ், பாரல் என்ற காட்டு ஆடுகளைத் தேடி அது கீழே இறங்கும்போது, உள்ளூர்த் தேடுநர்களோடு நாள்கணக்கில் குளிரில் காத்திருந்தால் தெரியலாம். கிப்பர் ஊரார் செய்த காரியம்தான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆட்டையும் யாக் கன்றையும் அடித்துக் கொல்லும் விலங்கின் மேல் ஊருக்குக் கோபம் இருக்கத்தானே செய்யும். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையோடு சேர்ந்து ஊரே கால்நடைக் காப்பீடு ஒன்றை 2002-இல் தொடங்கியது, அதற்கு முன்பே மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை மேய்க்காமல் காட்டு ஆடுகளுக்காக ஒதுக்கியும் வைத்தது. இன்று அதே ஊர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள்.

சிச்சம் பாலத்தையும் பார்த்துவிடுங்கள். 2017-இல் பாலம் வருவதற்கு முன் அந்த ஆழமான பிளவுக்கு மேல் கம்பியில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து, கையால் கயிறு இழுத்துத்தான் ஊர்க்காரர்கள் போய் வந்தார்கள்.

சந்திரதால்?

அழகான ஏரி, 4,250 மீட்டர். கடைசியில் பாருங்கள், மணாலிக்கு இறங்கும் வழியில். முதல் ராத்திரியே அங்கே தூங்கப் போவது ஆபத்து. ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை, சில கி.மீ. தள்ளித்தான் முகாம்கள். அங்கே காங்ரா, சம்பா மாவட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான ஆடுகளோடு நடந்தே வரும் கத்தி (Gaddi) இன மேய்ப்பர்களைப் பார்க்கலாம். அவர்கள் நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை இருக்கும், சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க. நாயைத் தட்டிக்கொடுக்கப் போகாதீர்கள், தூரத்தில் நின்று மேய்ப்பரைக் கூப்பிட்டு, அவர் நாயை அடக்கிய பிறகு போங்கள்.

ஆட்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். கேட்காமல் எடுக்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் சில ஊர்களில் பாட்டிகள் கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வயலில் பட்டாணி பறித்துக்கொண்டிருந்தால் கூடச் சேர்ந்து ஒரு கூடை பறியுங்கள், அப்புறம் அவர்களே கூப்பிட்டு உட்கார வைத்து எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா, காசு கொடுக்காதீர்கள். கொடுக்கத் தோன்றினால் பள்ளிக்கூட ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு அங்கே கொடுங்கள்.

பணம், போன், பெட்ரோல்?

காசாவில் ஏ.டி.எம். இருக்கிறது, சில நாள் பணம் இருக்காது, அதனால் சிம்லாவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். போன் காசாவிலும் பெரிய ஊர்களிலும் கிடைக்கும், மேல் ஊர்களில் வரும் போகும். பெட்ரோல் பங்க் பள்ளத்தாக்கில் காசாவில்தான்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். ஊர்களுக்குள் பயமில்லை, வீடுகளை நடத்துவதே பெரும்பாலும் பெண்கள். கவனம் வேண்டியது டெல்லி, சண்டிகரில் நள்ளிரவில் இறங்குவதிலும் இருட்டிய பிறகு மலைச் சாலையில் டாக்ஸியில் போவதிலும்தான். வண்டிப் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இப்படிக் கூட்டமாகப் போவது அவர்களுக்கு நல்லதா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்டால் சந்தோஷமாக இருக்கிறது.

பணம் வருகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பாருங்கள். மேலே பனிமுகட்டிலிருந்து மலைச்சரிவு நெடுகக் கையால் வெட்டிய வாய்க்கால்கள், கூல் என்பார்கள், கி.மீ. கணக்கில் வந்து ஊருக்கு மேலே ஒரு குளத்தில் விழும். ராத்திரி குளத்தை நிரப்பி, காலையில் மடையைத் திறந்து, யார் வயலுக்கு எப்போது என்ற முறைப்படி விடுவார்கள். பழைய குடும்பங்களுக்கு முதல் உரிமை, மற்றவர்கள் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். நம் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி முறை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். குளிரில் பனி குறைவாகப் பெய்தால் வாய்க்கால் சீக்கிரம் வற்றிவிடும், பட்டாணி காய்ந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் நாம் வெந்நீர்க் குளியல் கேட்கிறோம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு வாளி போதும், அந்த வறட்சியில் வியர்வையே வராது.

குப்பையும் அப்படித்தான். மண்ணில் ஈரம் இல்லை, எதுவும் மட்காது. குப்பையை எடுத்துப்போகும் ஏற்பாடு மேல் ஊர்களில் இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்காமல் வடிகட்டும் பாட்டிலோ மாத்திரையோ கொண்டுபோங்கள், கொண்டுபோன பிளாஸ்டிக்கை சிம்லா வரை திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பணத்தை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டெல்லியில் மொத்தப் பேக்கேஜ் கட்டினால் ஊருக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். வீட்டில் தங்கி, ஊர் வண்டியைப் பிடித்து, ஊர்ப் பையனையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு லாங்சாவிலிருந்து கோமிக், அங்கிருந்து டெமுல் என்று நடந்தால் காசு நேரே கைக்குப் போகும், பாதி ஊருக்கு உங்களைத் தெரிந்தும் விடும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? நடுவில் பாதை அடைத்துக்கொண்டால்?

டெல்லியிலிருந்து டெல்லி வரை 12 நாள். அதற்குக் குறைவாகத்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் கின்னோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கல்பாவே ஒரு வாரத்துக்குப் போதுமான இடம். அல்லது தாபோ வரை மட்டும் போய்த் திரும்புங்கள். எல்லா ஊரையும் தொட்டுவிட வேண்டும் என்ற பட்டியலைக் கிழித்துப்போடுங்கள்.

பாதை அடைத்துக்கொள்ளும், அதைக் கணக்கில் வைத்தே திட்டம் போடுங்கள். டெல்லியில் ரயில் அல்லது விமானத்துக்கு முன் இரண்டு நாள் சும்மா விட்டுவையுங்கள். நிலச்சரிவு என்றால் எல்லைச் சாலை அமைப்பின் புல்டோசர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். தொழிலாளிகள் கையசைக்கும் முன் ஓரமாக நுழைந்து தாண்டப் பார்க்காதீர்கள், மேலே கல் இன்னும் உருண்டுகொண்டிருக்கும். குன்சும் மூடிவிட்டால் காசாவில் காவல் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ கேளுங்கள், அன்றைய நிலவரம் சரியாகத் தெரியும் இடம் அவைதான். திறக்கும் என்று உறுதியாகச் சொல்லவில்லை என்றால் காத்திருக்காமல் வந்த வழியே கின்னோர் பக்கம் இறங்கிவிடுங்கள், அந்த இரண்டு நாள் உபரி அதற்குத்தான்.